சமாதானச் சிலையும் சிற்பியின் கூலியும்

(தண்டலத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதல் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். களையெடுத்துவிட்டு வந்த தாய்மார்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள். நீண்ட பிரசங்கம் செய்யும் நேரமல்ல இது. ஆனால் நம் வாலிபர்கள் ஒரு யோசனையைக் கொண்டு வந்திருக்கிறார்கள். அதைப் பற்றி எல்லோரும் சேர்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

பெங்களூர் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில், உலக சமாதானப் பரிசு பெற்றவர்களின் சிலைகளை வரிசையாக நிறுத்த வேண்டும் என்பது அந்த யோசனை. ஆலைகளிடம் கேட்டால் நன்கொடை கிடைக்குமாம். ஃபைபரில் வார்த்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடுமாம். யாராவது ஒரு பெரிய மனிதரை அழைத்துத் திறந்துவிடலாமாம். போன வாரம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் குறுக்கே கேட்டார்: "சிலைக்குக் கூரை போடுவீங்க. ராத்திரி பஸ்ஸுக்கு நிக்கிற எங்க பொண்ணுங்களுக்கு ஒரு கூரை போட மாட்டீங்களா?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிலையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பதிலைக் கடைசியில் சொல்கிறோம்.

சிலையே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயமல்ல. முதலாளிகளும் மகாராஜாக்களும் தங்கள் ஆட்களைக் கல்லிலும் வெண்கலத்திலும் நிறுத்தினார்கள். ஜனங்கள் மட்டும் தங்கள் மனிதர்களை மறந்துவிட வேண்டுமா? ஆனால் யாருக்குச் சிலை, யார் செலவில், யார் கையால் என்பவற்றை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சான பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

முதலில் பரிசைப் பற்றி. நோபல் என்பவர் டைனமைட்டைக் கண்டுபிடித்துப் பணம் சேர்த்தவர். குவாரியில் வெடி வைக்கிற தோழர்களுக்கு அந்த மருந்து நன்றாகத் தெரியும். அவர் விட்டுப்போன சொத்திலிருந்து 1901 முதல் பரிசு கொடுக்கிறார்கள். நல்லவர்கள் பலர் அதைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் காந்தியின் பெயர் ஐந்து வருஷங்களில் பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் சுட்டுக் கொல்லப்பட்ட 1948ல், உயிரோடிருப்பவர்களில் தகுதியானவர் யாருமில்லை என்று பரிசையே நிறுத்தி வைத்தார்கள். 1973ல் அமெரிக்காவின் கிஸிஞ்சருக்கும் வியத்நாமின் லீ டக் தோவுக்கும் சேர்த்து அறிவித்தார்கள். அதற்கு முந்திய டிசம்பரில்தான் அமெரிக்க விமானங்கள் ஹனோய் நகரத்தின் மீது குண்டு மாரி பொழிந்திருந்தன. என் நாட்டில் இன்னும் சமாதானம் வரவில்லை என்று லீ டக் தோ பரிசை மறுத்துவிட்டார். கிஸிஞ்சர் வாங்கிக்கொண்டார். பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சிலை செய்யப் புறப்பட்டால், குண்டு போட்டவனுக்கும் நாம் பீடம் கட்ட வேண்டிவரும்.

இன்னொரு பட்டியலும் இருந்தது. சோவியத் நாடு கொடுத்த சமாதானப் பரிசு அது. ஜாலியன்வாலாபாகில் ஜனங்கள் கூடியதே டாக்டர் கிச்லு, டாக்டர் சத்தியபால் ஆகியோரின் கைதைக் கண்டித்துத்தான். அந்தக் கிச்லு 1952ல் அந்தப் பரிசைப் பெற்றார். நம் திருச்சியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1957ல் பெற்றார். ராமன் இயற்பியலுக்கு நோபல் வாங்கியதைப் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். சமாதானத்துக்கும் பரிசு வாங்கியது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அதுவும் ஒரு சர்க்கார் போட்ட பட்டியல்தான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. ஆளைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும்.

நம் வாலிபர்கள் சொல்வது போலவே சிலைகளை வரிசையாக நிறுத்திய ஊர் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் துறைமுகக் கரையில் 'நோபல் சதுக்கம்' என்று ஓரிடம். 2005 டிசம்பர் 16ந் தேதி திறந்தார்கள். அந்த நாட்டில் சமாதானப் பரிசு பெற்ற நால்வர் அங்கே வெண்கலத்தில் நிற்கிறார்கள்: ஆல்பர்ட் லுதுலி, டெஸ்மண்ட் டூட்டு, டி கிளர்க், நெல்சன் மண்டேலா. செய்தவர் கிளாடெட் ஷ்ரூடர்ஸ் என்ற பெண் சிற்பி. சிலைகள் குட்டையாக, தலை பெரிதாக இருக்கின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரமில்லை. குழந்தைகள் பக்கத்தில் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊர்ச் சிலைகளைப் போலப் பத்தடிப் பீடத்தில் ஏற்றிவைத்துக் காக்கைக்கு மட்டும் சிநேகிதமாக்கிவிடவில்லை.

ஆனால் அந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

முதலில் நிற்கும் லுதுலி யார்? நேட்டால் கரும்புக் காட்டுக்காரர். ஆசிரியராக இருந்து, பிறகு குரூட்வில் என்ற ஊர் மக்களின் தலைவரானவர். சிறு கரும்பு விவசாயிகளுக்குச் சங்கம் அமைத்தவர். நேட்டால் கரும்புக்கும் நமக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16ந் தேதி டர்பனில் போய் நின்றது. அப்படி ஏறியவர்களில் நம் பாட்டன் பூட்டன்கள் எத்தனை பேரோ! அந்தக் கரும்புச் சீமையிலிருந்துதான் லுதுலி வந்தார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசை விடு, இல்லையேல் தலைவர் பதவியை விடு என்று வெள்ளை சர்க்கார் மிரட்டியது. அவர் காங்கிரசை விடவில்லை. 1952ல் பதவியைப் பறித்தார்கள். கருப்பர், இந்தியர், கம்யூனிஸ்டு என்று பாராமல் எல்லோரையும் ஒரே போராட்டத்தில் சேர்த்துக்கொண்டார். 1960ம் வருஷத்துப் பரிசு அவருக்குக் கிடைத்தது; ஆப்பிரிக்காவில் பிறந்தவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் சமாதானப் பரிசு அது. ஊரை விட்டு நகரக் கூடாது என்ற தடையுத்தரவில் இருந்தவர், சில நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய் 1961 டிசம்பரில் அதைப் பெற்றுத் திரும்பினார்.

1967 ஜூலை 21ந் தேதி அவர் இறந்தார். ரயில் மோதிவிட்டது என்றார்கள். அவர் குடும்பத்தார் நம்பவில்லை. ஐம்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு, 2025 அக்டோபரில், அந்நாட்டு நீதிமன்றம் பழைய விசாரணையின் முடிவை ரத்து செய்தது. அது விபத்தல்ல, அடித்ததால் ஏற்பட்ட மரணம் என்று தீர்ப்பளித்தது.

இப்போது அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்பவரைப் பாருங்கள். டி கிளர்க். நிறவெறி சர்க்காரில் பல வருஷம் மந்திரியாக இருந்து கடைசி ஜனாதிபதியானவர். மண்டேலாவைச் சிறையிலிருந்து விட்டார், பேச்சுவார்த்தைக்கு வந்தார், உண்மை. அதற்காக 1993ல் இருவருக்கும் பாதிப் பாதி பரிசு. ஆனால் லுதுலியின் மரணத்தை விபத்து என்று எழுதி மூடிய ஆட்சியின் கடைசித் தலைவரும் லுதுலியும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில்! பரிசுப் பட்டியலை அப்படியே வெண்கலத்தில் வார்த்தால் இதுதான் நேரும். பூட்டைத் திறந்தவனுக்கு நன்றி சொல்லலாம். பூட்டியவர்களின் கூட்டத்தில் அவனும் இருந்தானா என்று கேட்கவும் வேண்டும்.

அந்தச் சதுக்கத்தில் ஐந்தாவதாக ஒரு சிற்பமும் உண்டு. வெந்தா நாட்டுப் பெண் சிற்பி நோரியா மபாசா செய்தது. பெண்களும் குழந்தைகளும் அந்தப் போராட்டத்தில் செய்த பங்குக்காக அது. பரிசு வாங்கியவர்கள் நால்வரும் ஆண்கள். சுமை தூக்கியவர்களில் பாதிப்பேர் பெண்கள். பட்டியலில் விட்டுப்போனதைச் சரிக்கட்ட ஒரு சிலை தனியாகத் தேவைப்பட்டது. நம் ஊரில் வரிசையைத் திட்டமிடும்போதே அந்த இடம் ஒழித்துவைக்கப்பட வேண்டும் என்கிறோம்.

இனி, சிலையை எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம். எங்களுக்கு அதிக அக்கறை இதில்தான்.

மார்ட்டின் லூதர் கிங் 1964ல் சமாதானப் பரிசு பெற்றார். அவர் எங்கே இறந்தார் என்று ஞாபகமிருக்கட்டும். மெம்பிஸ் நகரத்தில் 1968 பிப்ரவரியில் குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கத்தை அங்கீகரி, கூலியை உயர்த்து என்பது கோரிக்கை. நான் ஒரு மனிதன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4ந் தேதி கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்துச் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. சங்கம் என்ற ஒரே வார்த்தைக்காக 2024ல் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மெம்பிஸ் தூரத்து ஊரல்ல.

அந்தக் கிங்குக்கு 2011ல் வாஷிங்டனில் முப்பதடி உயரக் கல்சிலை திறந்தார்கள். மொத்தச் செலவு சுமார் 12 கோடி டாலர். செதுக்கியவர் லெய் யீசின் என்ற சீனச் சிற்பி. கல்லும் சீனத்துக் கல். அடுக்குவதற்கும் அங்கிருந்தே ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அமெரிக்காவின் கொத்தனார், கல்தச்சர் சங்கம் எழுந்தது: வேலைநிறுத்தக்காரர்களுக்காக உயிர் கொடுத்தவரின் சிலையில் சங்கத் தொழிலாளிக்கு இடமில்லையா, வந்திருக்கும் சீனத் தொழிலாளிக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று கேட்டது. சீனத் தொழிலாளி நம் சகோதரன்தான். அவன் உளியின் மீது நமக்குக் கோபமில்லை. அவனை மலிவாகப் பிடித்து வந்து, உள்ளூர்த் தொழிலாளியோடு மோதவிடுகிற கண்டிராக்ட் முறையின் மீதுதான் கோபம். நம் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியையும் வடக்கேயிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்துகிறார்களே, அதே வித்தைதான்.

அந்தச் சிலையில் இன்னொரு கூத்தும் நடந்தது. கிங் ஒரு பிரசங்கத்தில் 'என்னை இப்படிச் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்' என்ற தோரணையில், நிபந்தனையோடு பேசிய வாக்கியத்தை, இடம் போதவில்லை என்று சுருக்கிக் கல்லில் வெட்டினார்கள். 'ஆனால்' போய்விட்டது. அடக்கமாகப் பேசியவர் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டவரானார். ஜனங்கள் கண்டித்தார்கள். 2013ல் அந்த எழுத்தையே செதுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் பிழை வந்தால் அடித்து எழுதலாம். கல்லில் வந்தால் மலையைக் குடைய வேண்டும். நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் திறந்துவைத்தவர் பெயர் பிழையில்லாமல் இருக்கும். யாருக்காக வைத்தார்களோ அவர் பெயரில்தான் ஒற்று விழுந்திருக்கும்!

மண்டேலாவின் கதையும் கேளுங்கள். அவர் இறந்த சில நாட்களுக்குள், 2013 டிசம்பர் 16ந் தேதி, பிரிட்டோரியாவில் சர்க்கார் மாளிகைக்கு முன்னால் முப்பதடி வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அடுத்த மாதம் யாரோ உற்றுப் பார்த்தார்கள். மண்டேலாவின் காதுக்குள் ஒரு குட்டி முயல்! சிலையைச் செய்த இரண்டு சிற்பிகளும் கால்சட்டை ஓரத்தில் தங்கள் கையெழுத்தைப் பொறிக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஓசைப்படாமல் காதில் முயலை வைத்துவிட்டார்கள். அவர்கள் பாஷையில் முயலுக்கு உள்ள சொல்லுக்கு அவசரம் என்றும் பொருளாம். அவ்வளவு அவசரப்படுத்தி வேலை வாங்கியிருக்கிறார்கள். சர்க்காருக்குக் கோபம் வந்தது, முயலை எடுக்கச் சொன்னார்கள், சிற்பிகள் மன்னிப்பும் கேட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு விஷயமும் புரிந்தது. செய்தவன் பெயரை வெளியே எழுத விடாவிட்டால் அவன் அதை உள்ளே எங்கேயாவது வைத்துவிடுவான்.

ஆகவே நம் சிலையை நாம் எப்படிச் செய்யக் கொடுக்க வேண்டும்? கல்லுக்கும் கைக்கும் நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1ந் தேதி திறந்த 133 அடி வள்ளுவர் சிலைக்கு ஏறத்தாழ 7,000 டன் கல். அதெல்லாம் நம் தமிழ்நாட்டில் வெட்டியது. அமைத்தவர் கணபதி ஸ்தபதி. மாமல்லபுரத்தில் 1957 முதல் சர்க்காரின் சிற்பப் பள்ளி இருக்கிறது. வெண்கலம் வேண்டுமானால் சுவாமிமலையில் தலைமுறை தலைமுறையாக மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகம் வார்க்கிறார்கள். 2023ல் டில்லி மாநாட்டு மண்டபத்தில் நிறுத்திய 27 அடி நடராஜர் அங்கே வார்த்ததுதான். ஆனால் இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்கு ஹைதராபாத் பக்கத்தில் 216 அடிச் சிலை வைத்தபோது, வார்ப்பு வேலை சீனத்து நான்ஜிங் கம்பெனிக்குப் போயிற்று. சிலைக்கு வைத்த பெயர் 'சமத்துவம்'. வேலை எங்கே போயிற்று என்பதையும் அந்தப் பெயர் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

கல்வேலை என்றால் சாமானியமல்ல. அந்தக் காலத்தில் உளியும் சுத்தியலும் மட்டும். இப்போது மின்சார அறுவை இயந்திரம். வேலை வேகமாக முடிகிறது; கருங்கல் தூசி மாவாகப் பறக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து கல்லாகிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்பார்கள். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி அடங்கும். நல்ல முகமூடி கொடுத்தால் காக்கலாம். ஆனால் இரண்டுக்கும் காசும் நேரமும் வேண்டும். மலிவாகவும் சீக்கிரமாகவும் கேட்கிற ஒப்பந்தத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டும்தான். சமாதானத்துக்குச் சிலை செய்யச் சொல்லிச் சிற்பியின் மூச்சை நிறுத்துவதா?

நாம் எழுதப்போகிற ஒப்பந்தத்தில் சிற்பிக்கும் அவருடைய கையாட்களுக்கும் தினக்கூலி எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தண்ணீரும் முகமூடியும் நம் செலவில் இருக்க வேண்டும். முதலில் களிமண்ணில் சிறிய மாதிரி செய்து, அதை இந்த மரத்தடியிலேயே கொண்டுவந்து வைத்து, நீங்கள் எல்லோரும் பார்த்து, மூக்கு சரியில்லை முழி சரியில்லை என்று சொன்ன பிறகே கல்லில் உளி பட வேண்டும். செதுக்கியவர் பெயர், கையாள் பெயர் உட்பட, பீடத்தில் வெட்டப்பட வேண்டும். திறப்பு விழாத் தேதி கடைசியில் வரட்டும்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். 1959 ஜனவரியில் வைத்தது. தேவிபிரசாத் ராய் சௌத்திரி செய்தார். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்த உடம்புக்கு மாதிரியாக அவர் நிறுத்தியது ஒரு பயில்வானையல்ல. கல்லூரியின் இரவுக் காவலாளியையும் ஒரு மாணவரையும்தான். அதே கடற்கரையில்தான் 1923ல் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். பரிசு எதுவும் வாங்காத நால்வர் அங்கே நிற்கிறார்கள். நாட்டில் எத்தனையோ சிலைகள் இருந்தும் மே தினத்தில் நம் ஆட்கள் மாலை கொண்டு போவது அங்கேதான்.

பணத்துக்கு எங்கே போவது? ஆலை நன்கொடை வேண்டாம் என்பது எங்கள் கண்டிப்பான அபிப்பிராயம். பீடத்தில் அவர்கள் பெயர் பெரிதாகவும் லுதுலி பெயர் சிறிதாகவும் வரும். நாளைக்கு வேலைநிறுத்தம் என்றால், சிலைக்குக் கொடுத்தோமே என்பார்கள். ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தில் சடாகோ என்ற சிறுமி அணுகுண்டுக் கதிர்வீச்சால் வந்த நோயில் 1955ல் பன்னிரண்டு வயதில் இறந்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் காசு திரட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்களிலிருந்து சில்லறை வந்தது. 1958 மே 5ந் தேதி குழந்தைகள் சமாதானச் சின்னம் எழுந்தது. குண்டுக்குத் தப்பிய முதியவர்களின் ஸ்தாபனத்துக்கு 2024ல்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள். பிள்ளைகள் அதற்கு அறுபத்தாறு வருஷம் முந்திக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளால் முடிந்தது தண்டலத்தால் முடியாதா? சம்பள நாளில் ஆளுக்குப் பத்து ரூபாய். வயல் வேலைக்குப் போகிற தாய்மார்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதவர்களின் பெயரும் கணக்கு நோட்டில் இருக்கட்டும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர் சாலை ஓரம் நடக்காது. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க எந்த சர்க்காரும் அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013 ஜனவரி 18ந் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த உத்தரவில் நியாயமும் இருக்கிறது. ராத்திரியில் லாரி போகிற போக்கை நாம் அறிவோம். ஊருக்குச் சொந்தமான இடத்தைக் கிராம சபையில் கேட்டு வாங்க வேண்டும். மே முதல் தேதி கிராம சபை கூடும். எல்லோரும் போக வேண்டும். சேரியும் ஊரும் சேர்ந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்! சிலைக்குக் கூண்டு போட வேண்டிய ஊரில் சமாதானச் சிலை வைப்பதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம் சிலைக்குக் கம்பி வேலி போடுவதில்லை என்று இரண்டு தெருவும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகு கல் எடுக்கலாம்.

இப்போது அந்தத் தாயாருக்குப் பதில். வரிசையாகப் பல சிலைகள் வேண்டாம், ஒன்று போதும் என்கிறோம். கரும்புக்காட்டு லுதுலியை வைக்கலாம், பக்கத்தில் பெயரில்லாத ஒரு பெண்ணைத் தலைச்சுமையோடு நிறுத்தலாம் என்பது எங்கள் யோசனை. நீங்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். மீதிப் பணத்தில் பஸ் நிற்கிற இடத்தில் கூரையும், கல் பெஞ்சும், விளக்கும். வசூல் இரண்டுக்கும் போதாவிட்டால் கூரை முதலில், சிலை பிறகு. இதை நோட்டில் எழுதிவிட்டோம். அந்த அம்மாள்தான் முதல் ரேகை வைத்திருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐந்தாறு பேர் மாமல்லபுரம் போகிறோம். இரண்டு மூன்று சிற்பிகளைப் பார்த்துக் கல் விலை, கூலி, எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டு வரப்போகிறோம். குவாரியில் வேலை செய்த தோழர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும்; கல்லைத் தட்டிப் பார்த்து ஓசை சொல்ல எங்களுக்குத் தெரியாது. பெண்களில் இருவராவது வர வேண்டும். பஸ் காசு சங்கம் கொடுக்கும். கட்டுச்சோறு அவரவர் கொண்டு வரவும்.